துவைக்காத துண்டு

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டாம் நம்பர் நீராவி மிஷின் இன்றைக்கும் மக்கர். கதவு ரப்பர் போய்விட்டது என்று போன வாரமே சொன்னேன். பெரிய டாக்டர்களின் கண்ணுக்கு ரப்பரெல்லாம் தெரியுமா? ஆபரேஷன் தியேட்டருக்குக் கருவி போகக் கொஞ்சம் தாமதமானால் மட்டும் போன் வந்துவிடும். "சிஸ்டர், உங்க செக்‌ஷன்ல என்னதான் நடக்குது?" கத்தரியையும் கத்தியையும் கழுவி, நீராவியில் வேகவைத்து, மடித்துக் கட்டி அனுப்புகிறோம். அதுதான் நடக்கிறது. முப்பது வருஷமாக நடக்கிறது. என் கையைத் தாண்டிப் போன ஒரு இடுக்கிகூட இதுவரை ஒருத்தர் உடம்பிலும் கிருமியை ஏற்றியதில்லை. யாருக்காவது அது தெரியுமா?

வீட்டுக்கு வந்தால் அதைவிடப் பெரிய மக்கர். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, "கோபப்படாம உள்ள வா" என்றார். இப்படி ஆரம்பித்த எந்த விஷயத்திலாவது என்னால் கோபப்படாமல் இருக்க முடிந்திருக்கிறதா?

சோபாவுக்கு அடியில் ஒரு பூனை.

மீட்டர் கணக்கெடுக்கிற வேலையிலிருந்து இவர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. ஊரார் வீட்டுக்குள் எல்லாம் புகுந்து பழகிய மனிதருக்குச் சொந்த வீட்டில் உட்கார முடியவில்லை. "ஏதாவது செய்யணும், ஏதாவது செய்யணும்" என்று வளைய வந்துகொண்டிருந்தார். செய்துவிட்டார். விலங்குக் காப்பகத்துக்குப் போய், இருந்ததிலேயே நோஞ்சானாக, காது கிழிந்ததாக, மஞ்சளா அழுக்கா என்று சொல்ல முடியாத நிறத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார். ஏன் இது என்று கேட்டால், "அது என்னைப் பார்த்துச்சு" என்கிறார். கண் இருக்கிறது, பார்க்காமல் என்ன செய்யும்? கல்யாணமான புதிதில் நானும்தான் பார்த்தேன். இப்படி உருகினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கூடவே ஒரு துண்டு. அதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. காப்பகத்தில் அது படுத்துப் புரண்டது. "இதைத் துவைக்க வேணாம்னு காப்பகத்து அம்மா சொன்னாங்க" என்றார். சொல்வதற்கு என்ன, வீடு அந்த அம்மாவுடையதா? கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, பைக்குள் பை வைத்துக் கட்டி, தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்கிற ஆளாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டல்லவா பூனை எடுத்திருப்பார்.

ஒரு மாதத்துக்குள் ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். மார்ச் மூன்று. மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

தும்மல். காலையிலிருந்து தும்மல். கண் இரண்டிலும் பீளை. காதுக்குள் காப்பித்தூள் மண்டி மாதிரி கறுப்பாக அப்பியிருக்கிறது. சோபாவைவிட்டு வெளியே வராதாம், சாப்பாட்டுக்குக்கூட வராதாம். துரை வீட்டு விருந்தாளி, நாம் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் குனிந்து நீட்ட வேண்டும். துரை என்றே கூப்பிடுகிறேன். இவர் 'குட்டி' என்கிறார். அஞ்சு வயசுத் தடியன், குட்டியாம்.

சாயங்காலம் பூனை டாக்டர். பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டால் ஐந்தாம் வகுப்பில் உட்காரவைக்கலாம், அவ்வளவு சின்னப் பெண். துரையிடம், "என்னடா கண்ணா, மூக்கு அடைச்சுக்கிச்சா?" என்று விசாரிக்கிறாள். அது பதில் சொல்லுமென்று காத்திருக்கிறாள் வேறு.

காதில் பூச்சி. வயிற்றில் புழு இருக்கலாம். முடியில் தெள்ளு. மூக்கிலும் கண்ணிலும் பூனை ஜலதோஷக் கிருமி. "காப்பகத்துல பாதிப் பூனைக்கு இந்த வைரஸ் உடம்புல தூங்கிட்டிருக்கும் மேடம். இடம் மாறுற பயத்துல முழிச்சுக்கும்" என்றாள். நல்ல சரக்காகத்தான் பார்த்து எடுத்திருக்கிறார்! ஒரே பூனையில் ஒரு வார்டையே கொண்டுவந்துவிட்டார்.

காதுக்குச் சொட்டு, கண்ணுக்கு மருந்து, புழுவுக்கு மாத்திரை, தெள்ளுக்குக் கழுத்தில் தடவ ஒரு குப்பி. கிளம்பும்போது அந்தப் பெண் ஒன்று சொன்னாள்: "மூக்கு அடைச்சா வாசனை தெரியாது. வாசனை தெரியலைன்னா சாப்பிடாது. ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்புல சாப்பிடலைன்னா கல்லீரல் போயிடும். அதை மட்டும் பார்த்துக்கோங்க."

இவர் முகம் வெளுத்துவிட்டது. வழியெல்லாம் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

பிப்ரவரி 6, வெள்ளி

இவர் கையில் விட்டால் அது பிழைக்காது. பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

தையல் மிஷின் அறையில் மிஷினைத் தவிர எல்லாவற்றையும் காலிபண்ணித் தனி அறையாக்கிவிட்டேன். உள்ளே போகிறவர்களுக்கு மேலங்கி, முகக்கவசம், கையுறை. காலையும் மாலையும் விரிப்பு மாற்றுவது. தட்டு, கிண்ணம் எல்லாம் கொதிநீரில். மணல் தொட்டி, தரை, முழங்கால் உயரம்வரை சுவர் - எல்லாம் பினாயில். கடையில் விற்கிற வெள்ளைத் தண்ணீர் இல்லை, எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சப்ளை செய்கிறவரிடம் வாங்கின கெட்டிச் சரக்கு. மூடியைத் திறந்தாலே கண்ணில் நீர் வரும். அதுதான் பினாயில்.

"இது மனுஷங்களுக்கு ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாங்களே, முகக்கவசம் எதுக்கு?" என்று இவர் கேட்டார். அந்தச் சின்னப் பெண் பிறப்பதற்கு முன்னாலிருந்து நான் கிருமியோடு குடித்தனம் நடத்துகிறேன். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போட்டுக்கொண்டார். மூக்கை வெளியே விட்டுக்கொண்டு.

பிப்ரவரி 7, சனி

புழு வந்தது. நூல் நூலாக, உயிரோடு. பார்த்துவிட்டு இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீரர்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாடிவீட்டு அம்மா இறங்கி வந்தாள். படியில் பினாயில் வாடை தூக்குகிறதாம், யாருக்கு என்ன என்று பார்க்க வந்தாளாம். அக்கறையாம். துரையைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "அக்கா, இதையெல்லாமா வீட்டுக்குள்ள வச்சுக்கிறது? படர்தாமரை வரும், ஆஸ்துமா வரும்" என்று அடுக்கினாள். அவள் வீட்டில் தண்ணீர்ப் பானையைத் திறந்தால் அதில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். "எங்க வீட்டுல வர்றது எங்களுக்குள்ளயே இருக்கும்மா, நீ பயப்படாதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஏன் அந்தக் கழுதைக்குப் பரிந்து பேசினேன்? தெரியவில்லை. மாடிவீட்டம்மாவைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தும்மல் குறைந்திருக்கிறது. கண் தெளிந்திருக்கிறது. எல்லாம் என் கைவண்ணம். ஆனால் தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

மீனை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் வாசனை தூக்கும் என்று எங்கோ வீடியோவில் பார்த்தாராம். வீடியோ பார்த்து வைத்தியம் செய்கிற காலம் வந்துவிட்டது. வீடு முழுக்க மீன் நாற்றம் அடித்ததுதான் மிச்சம். துரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தையல் மிஷினுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, விரிப்பு மாற்றும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஏதோ திருட வந்தவள் போல.

பிப்ரவரி 11, புதன்

மறுபடி சின்ன டாக்டர். கூழாகக் கரைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். பாதி அதன் வாயில், பாதி என் மேலங்கியில். கையில் ஒரு கீறல். நன்றி என்பது அந்த ஜாதிக்கே கிடையாது.

நாளையும் மறுநாளும் ஆஸ்பத்திரியில் ஆய்வுக்குழு வருகிறது. அங்கேயே தங்கவேண்டும். இவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எத்தனை மூடி பினாயில், எத்தனை வாளி தண்ணீர். தலையை ஆட்டினார். ஆட்டுவதில் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆய்வுக்குழுவினர் என் பிரிவில் ஒரு தூசி கண்டுபிடிக்க முடியாமல் முகம் தொங்கிப் போனார்கள். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

"சாப்பிட்டான்!" என்றார் இவர், கதவைத் திறக்கும்போதே. "தானா வந்து சாப்பிட்டான். நேத்து அரைத் தட்டு, இன்னிக்கு முழுத் தட்டு. என் மடியில படுத்தான்."

எனக்கும் ஒரு நிமிஷம் ஜிலுஜிலு என்றிருந்தது. பொய் சொல்வானேன். பிறகு அறைக்குள் போனேன்.

என்ன அறை அது! தரை துடைத்து இரண்டு நாள் ஆகியிருக்கும். விரிப்பு அதேதான், முடி அப்பி, நடுவில் குழிந்து. அட்டைப்பெட்டி ஒன்று - எங்கிருந்து வந்தது? - அதற்குள் இவருடைய பனியன். அக்குள் மஞ்சளான பழைய பனியன்! அதன்மேல் துரை சக்கரவர்த்தி மாதிரி படுத்திருக்கிறது. முகக்கவசமெல்லாம் ஆணியில் தொங்குகிறது.

"ரெண்டு நாள் ஒரு வேலை சொன்னா செய்ய முடியாதா உங்களால?" என்று கேட்டேன். அப்புறம் நிறையக் கேட்டேன். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை. இவர், "அவன் சாப்பிட்டானே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். சாப்பிட்டது என் மருந்தால். இந்தக் குப்பைக்குள்ளேயும் சாப்பிட்டான் என்றால் அதற்கும் என் மருந்துதான் காரணம்.

பெட்டியைக் கிழித்துப் போட்டேன். பனியன் கொதிநீருக்குப் போனது. அறை பழையபடி ஆனது.

பிப்ரவரி 14, சனி

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

சாப்பிடவில்லை. தும்மல் திரும்பிவிட்டது. ஒரு கண் முழுக்க மூடிக்கொண்டது.

நான் அப்போதே சொன்னேன். இரண்டு நாள் சுத்தம் தவறினால் கிருமி தலையெடுக்கும். இவரிடம் சொல்லிக் காட்டினேன். இவர் மாடியில் துணி எடுக்கப் போனார். துணியே காயப்போடவில்லை, எதை எடுக்கப் போனாரோ.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. நீராவிக்குள் கருவித் தட்டோடு வைக்கிற சோதனைப் பட்டை நிறம் மாறவில்லை என்றால் அந்தத் தட்டை நம்பக்கூடாது. எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து, முன்னைவிடக் கடுமையாக. இன்றைக்கு ஒரு மூடிக்கு இரண்டு மூடி பினாயில் விட்டேன். மூன்று வேளை துடைத்தேன். தண்ணீர் விட்டுக் கழுவாமல் அப்படியே காயவிட்டேன், வேலை செய்யட்டும் என்று.

பிப்ரவரி 17, செவ்வாய்

எச்சில் வடிகிறது. சிரிஞ்சை வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பி ஒரு மாதிரி கத்துகிறது. பூனை கத்துகிற மாதிரி இல்லை. விடாமல் காலை நக்கிக்கொண்டே இருக்கிறது.

இவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வாங்க என்றால் வரவில்லை.

பிப்ரவரி 18, புதன்

எழுதவா வேண்டாமா என்றிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வேலைக்குப் போகவில்லை. காலையில் துரை எழுந்து நின்றது, பின்னங்கால் தடுமாறிச் சரிந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் கூடையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

சின்ன டாக்டர் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு முழுக்கப் புண். "இது இன்னொரு பூனை வைரஸ்லயும் வரும்" என்றாள், யோசித்தபடி. பிறகு முன்னங்காலைத் திருப்பி அடிப்பாதத்தைப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் இருந்த மெத்தை மெத்தையான பாதம். இப்போது ஓரமெல்லாம் தோல் உரிந்து, பளபளவென்று ஒரு சிவப்பு.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பிரிவுப் பெண்கள் கையுறை போடச் சோம்பல்பட்டுக் கெட்டி மருந்தில் விரலை விடுவார்கள். சாயங்காலம் விரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். இதே சிவப்பு. இதே உரிசல். எத்தனை பேருடைய விரலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு திட்டியிருக்கிறேன், அறிவில்லையாடி என்று.

அவள் கேட்கவே இல்லை. நானே சொன்னேன். "பினாயில். கெட்டிச் சரக்கு. ரெண்டு பங்கு. மூணு வேளை."

அந்தப் பெண் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காலுல பட்டு, அதை நக்கி உள்ள போயிருக்கு. பூனைக் கல்லீரலால அதை முறிக்க முடியாது மேடம். மனுஷங்களுக்கு ஆகுறது அதுக்கு ஆகாது" என்றாள். பாதத்தைக் கழுவினாள், சலைன் ஏற்றினாள், ரத்தம் எடுத்தாள். இங்கேயே இருக்கட்டும், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

அப்புறம் இன்னொன்று கேட்டாள். அது படுக்கிற துணியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று. தினமும் இரண்டு வேளை என்றேன். பழக்கதோஷம், குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

"பூனைக்குத் தன் வாசனை இருக்கிற இடம்தான் வீடு. நீங்க துடைக்கத் துடைக்க அதுக்குத் தினமும் ரெண்டு தடவை புதுசா ஒரு வீட்டுக்கு வந்த மாதிரி. அந்தப் பயம் போனாத்தான் ஜலதோஷமும் போகும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

முப்பது வருஷம். ஒருத்தர் உடம்பிலும் கிருமியை ஏற்றாத கை. என் வீட்டுப் பூனையின் காலை வேகவைத்துவிட்டது. நாலு கிலோகூட இல்லாத ஜீவனுக்கு என் கெட்டிக்காரத்தனம் முழுசையும் காட்டிவிட்டேன். சபாஷ். அடுத்த ஆய்வுக்குழு வரும்போது இதையும் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 19, வியாழன்

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

சாப்பிட உட்கார்ந்தபோது, "எனக்குத் தெரியும்" என்றார். என்ன தெரியும்? "காப்பகத்து அம்மா சொன்னாங்க, துண்டு எதுக்குன்னு. அது பழைய வாசனையோட இருந்தா பயப்படாதுன்னு. அதான் பனியனைப் போட்டு வச்சேன்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உங்கிட்ட சொன்னா நிக்குமா?" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கே இந்த வீட்டுல என் தலையணை ரெண்டு நாளைக்கு மேல என் தலையணையா இருந்ததில்ல. நான் பழகிக்கிட்டேன். அது சின்ன உசிரு, அதுக்குப் பழகத் தெரியல."

எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

வாய் பேசத் தெரியாத மனிதர் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்த்துவைத்துப் பேசுகிற ஜாதி போலிருக்கிறது. அடுப்படியைத் துடைக்கப் போனேன். ஏற்கனவே துடைத்திருந்தது. அப்படியே நின்றுகொண்டு அழுதேன். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவளை யார் பார்த்தாலும் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

மூக்கில் குழாய் போட்டு ஆகாரம் போகிறது. ரத்த முடிவு மோசம், ஆனால் கைவிடுகிற மாதிரி இல்லை என்றாள் டாக்டர். தானாக ஒரு வாய் சாப்பிட்டால் நம்பலாமாம்.

பிப்ரவரி 21, சனி

டாக்டர் போன் செய்தாள். "வீட்டுலேர்ந்து உங்க வாசனை உள்ள துணி ஒண்ணு கொண்டுவாங்க. துவைக்காதது."

வீடு முழுக்கத் தேடினேன். சிரிக்கிற கதைதான். ஒரு அழுக்குத் துணி இல்லை. அழுக்குக் கூடை காலி. படுக்கை விரிப்பு காலையில் மாற்றியது. கைக்குட்டைகூட இஸ்திரி போட்டு அடுக்கியிருக்கிறது. மூக்கை வைத்து முகர்ந்து முகர்ந்து பார்த்தேன், எல்லாம் சோப்பு. இரண்டு பேர் குடியிருக்கிற வீட்டில் மனுஷ வாடை என்று ஒரு முழத் துணிகூடக் கிடைக்கவில்லை. காப்பகத்துத் துண்டு இருந்திருந்தால்... அதைத்தான் பைக்குள் பை வைத்துக் கட்டி வழியனுப்பிவிட்டேனே, மகாராணி.

கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து இவரிடம் நீட்டினேன். "இதைக் கழுத்துல போட்டுக்கங்க. நாளைக்குக் குளிக்க வேணாம். சட்டையும் மாத்தாதீங்க."

இவர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சலா என்று.

பிப்ரவரி 22, ஞாயிறு

இவர் நாள் முழுக்க அந்தத் துண்டோடு திரிந்தார். வெயிலில் தெருவைச் சுற்றிவிட்டு வந்தார், வேர்க்க வேண்டுமாம். இப்படிச் சுறுசுறுப்பாக இவரை நான் பார்த்ததே இல்லை. அழுக்காக இரு என்று சொன்னால் போதும் போலிருக்கிறது, ஆண்பிள்ளைகளுக்கு.

மத்தியானம் என்னிடம் நீட்டி, "உன்னுதும் கொஞ்சம்" என்றார். என்னுடையது எதற்கு, என்னைக் கண்டால்தான் அதற்கு ஆகாதே என்றேன். "வீட்டுல நீயும்தானே இருக்க" என்றார். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சமைத்தேன். உவ்வே. இவருடைய வேர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து ஒரு புளித்த வாடை. எத்தனை வருஷம் ஆயிற்று இந்த வாடை என் மூக்குக்கு வந்து. கல்யாணமான புதிதில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அப்போது இருந்தது.

மாலையில் கொண்டுபோய்க் கூண்டுக்குள் வைத்தோம். துரை திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

வேலையில் மனமே இல்லை. புதுப் பெண் ஒருத்தி கையுறை இல்லாமல் மருந்துத் தொட்டியருகே போனாள். வழக்கமாகக் கத்துவேன். இன்றைக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். மிரண்டுவிட்டாள். சிஸ்டருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று டீ நேரத்தில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

துரை துண்டின் மேல் தலை வைத்திருக்கிறது. அவ்வளவுதான். சாப்பிடவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

சாப்பிட்டது!! ஒரு வாய். டாக்டர் போனில் சொன்னாள். நான் அங்கே மிஷின் சத்தத்தில் "என்ன? என்ன?" என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் சொன்னாள். நல்ல பெண்.

பிப்ரவரி 27, வெள்ளி

துரை வீட்டுக்கு எழுந்தருளிவிட்டார். பாதத்தில் களிம்பு, கல்லீரலுக்கு மருந்து, காதுக்கு இன்னும் சொட்டு. இளைத்து எலும்பாகி, கிழிந்த காதோடு, முன்னைவிட அசிங்கமாக இருக்கிறது. கூடையைத் திறந்ததும் துண்டை விட்டு இறங்கவில்லை. துண்டோடு தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.

பினாயில் டின் வீட்டைவிட்டுப் போய்விட்டது. டாக்டர் சொன்னபடி சாதாரண சோப்புத் தண்ணீர், அதுவும் மணல் தொட்டிக்கும் தரைக்கும்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மீதிப் பக்கம் அப்படியே கிடக்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் துடைக்கக் கூடாதாம். கை நமநமக்கிறது. மூலையில் முடி உருண்டு கிடக்கிறது, என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

மாடிவீட்டம்மா வந்து, "இப்பல்லாம் பினாயில் வாடையே இல்லியே அக்கா, பூனையைக் கொடுத்துட்டீங்களா?" என்றாள். எவ்வளவு ஆசை! இல்லை என்றேன். "பூனை வாடை வருதே" என்றாள். "மனுஷ வாடையும் வருதா பாரு" என்றேன். விழித்துக்கொண்டே ஏறிப் போனாள்.

மார்ச் 3, செவ்வாய்

காப்பகத்து அம்மா போன் செய்தாள். ஒரு மாதம் முடிகிறது, ஒத்துவருகிறதா, இல்லை திருப்பிக் கொடுக்கிறீர்களா என்று. இவர் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் பக்கம் புரளவில்லை.

"அதெப்படிங்க திருப்பிக் கொடுக்கிறது?" என்றேன். "காதுக்கு இன்னும் பத்து நாள் சொட்டு பாக்கி. பாதம் ஆறல. கண்ட வேளைக்குச் சாப்பாடு. உங்க கையில கொடுத்தா அந்தச் சொட்டை ஒழுங்கா யாரு விடுவா?" அந்த அம்மா சிரித்தாள். எதற்குச் சிரிப்பு? நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

இன்றைக்குத் தலையணை உறை மாற்றுகிற நாள். என்னுடையதைக் கழற்றிவிட்டு இவருடைய பக்கம் போனேன். உறையின் நடுவில் எண்ணெய்க் கறை, தலை பதிந்த பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் சரியாக அளவெடுத்த மாதிரி துரை சுருண்டு கிடந்தது. முடி வேறு. என்ன கண்றாவி! உறையின் ஓரத்தைப் பிடித்தேன். துரை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. திருட வந்தவளைப் பார்க்கிற மாதிரி இல்லை. பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் தலையணைக்கும் பழைய உறையையே திரும்ப மாட்டினேன்.